துரை கேட்ட இரை

நீலகிரியில், டிரவுட் மீன் துள்ளும் ஒரு மடுவில் செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். தான் செத்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். புதிதாய்த் தூண்டில் பிடிக்க வருகிறவர்களைச் சோதிப்பார். தேறாதவர்கள் வீடு திரும்புவதில்லை.

ஒரு மாலை, விருந்தாளிகளுக்கு மீன் பிடித்து வரச்சொல்லிப் பங்களாக்காரர் தன் தூண்டில் சாமான்களைக் கொடுத்து விரட்ட, தூண்டிலே தொட்டறியாத சமையல்காரி மாதி அங்கே போனாள். மூடுபனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கழி?"

"இருக்கு தொரை."

"ரீல், நூல், ரப்பர் பூட்ஸ்?"

"எல்லாம் இருக்கு."

"இரை?"

மாதி தூண்டில் முள்ளில் கட்டியிருந்த, இறகால் செய்த பொய்ப் பூச்சியைக் காட்டினாள்.

"செத்த கோழியின் இறகு. செத்தது ஆகாது, உயிருள்ளதும் ஆகாது. வேறு இல்லையென்றால் நீதான் இரை."

குளிரில் மாதியின் வாயிலிருந்து புகை புகையாக வந்தது. துரை வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"தொரை செத்துட்டீங்களா?"

"நானா? யார் சொன்னது?"

"அப்போ மூச்சு விடுங்க, பாப்போம்."

துரை வாயைத் திறந்தார். புகை வரவில்லை.

"சாகலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. உசுரும் இல்ல. நீங்க கேட்ட இரை நீங்கதான் தொரை."

மாதி வீசிய முள் அவர் கோட்டுக் காலரில் மாட்டியது. மடுவின் அடியில் ஏதோ புரண்டது. ரீல் கிறுகிறுவென்று கடைசி நூல்வரை ஓடி நின்றது. தண்ணீரில் துரையின் தொப்பி மட்டும் மிதந்தது.

அந்த மடுவின் மீனை மாதி இன்றுவரை வறுத்ததில்லை.