வியர்த்த விரலும் புதுப் பூட்டும்

நகைக்கடைக் காவலாளிகளான எங்களையெல்லாம் மண்டபத்தில் கூட்டி வைத்து, இன்ஸ்பெக்டர் பரஞ்சோதி விரல்ரேகைப் பூட்டு மாட்டிய ஒரு கைத்துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார்.

"அரசாங்கத்தோட புது விதி. உங்க துப்பாக்கியில இந்தப் பூட்டை மாட்டணும். சொந்தக்காரன் விரல் வச்சாத்தான் சுடும். மாட்டாட்டி லைசென்ஸ் ரத்து."

லைசென்ஸ் போனால் என் வேலையும் போகும். எழுந்து நின்றேன்.

"ஐயா, நான் பயந்தாங்கொள்ளி. திருடனைப் பார்த்ததுமே கை வியர்த்துடும். ஈர விரலுக்கு இது திறக்குமா?"

"துடைச்சுட்டுச் சுடு!"

"சரிங்க ஐயா. உங்க துப்பாக்கியில எப்ப மாட்டுவீங்க?"

"போலீசுக்கு இது கிடையாது. அவசரம்னா நாங்க உடனே சுடணும்."

"என்கிட்ட மட்டும் திருடன் துண்டைக் கொடுத்துட்டுக் காத்திருப்பானாங்க?"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்சேபணையை மேலிடத்துக்கு அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார். விதி தள்ளிப்போனது, வேலையும் தப்பியது. ஆனால் என் வீரத்தை ஊரே கேட்டுவிட்டதால், முதலாளி மறுநாளே கடைக்கு ஒரு நாய் வாங்கிவிட்டார்.