பொழுது சாய்வதற்குள்

காதை மட்டும் கொடுத்தால் போதாது, கடைசியில் வாயையும் திறக்க வேண்டிய கதை இது.

மதில் கட்டி ஓயாத ஒரு ராஜ்யம் இருந்தது. கொத்தனார்கள் சாரத்திலிருந்து விழுவதும் மண்டை உடைவதும் அங்கே சகஜமாகிவிட்டது. ஊருக்கு இரண்டு வைத்தியர்கள், திருமேனியும் மருதப்பரும். மண்டை உடைந்தவனின் இமையைத் தூக்கி, விளக்கைக் கிட்டே கொண்டுபோய், கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பார் திருமேனி. நகத்தை அழுத்தி, கை அசைகிறதா என்று பார்ப்பார். பிறகு, "பொழுது சாயறதுக்குள்ள போயிடும்" என்பார். அவர் வாக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை.

வைத்தியர் கைவிரித்துவிட்டால், உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பாலை வாயில் ஊற்றி வழியனுப்புவது அவ்வூர் வழக்கம். மல்லாந்து கிடப்பவன் தொண்டையில் பால் இறங்கும். சிலர் இருமுவார்கள். பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிடும். கூட்டம் திருமேனியைக் கையெடுத்துக் கும்பிடும்.

ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்க்கும் மருதப்பருக்கு வயிறு எரியும். அதே விளக்கு, அதே கண்மணி. ஆனால் இவர் "பார்க்கலாம்" என்று இழுப்பார், அவர் ஒரே போடாகப் போடுவார். பேரெல்லாம் அவருக்கு. சொந்த மனைவியே தலைவலி வந்தபோது, "அந்தத் திருமேனி ஐயாவை ஒரு நடை பார்த்துட்டு வந்திடட்டுமா?" என்று கேட்டாள். அன்று மருதப்பருக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அரண்மனை வைத்தியர் பதவி வேறு காலியாகி, அரசர் திருமேனி பக்கம் சாய்வதாக ஊரெல்லாம் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் செங்கோடன் என்ற கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தான். திருமேனி விளக்கைக் காட்டினார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது அகலத் திறந்தபடியே நின்றது. வழக்கமான வார்த்தையைச் சொன்னார். செங்கோடன் மனைவி பொன்னரி அலறினாள். பால் வந்தது.

"ஒரு சொட்டு ஊத்தக் கூடாது! இவன் பிழைப்பான்!" என்று பாய்ந்து வந்தார் மருதப்பர்.

அவர் கண்ணையும் பார்க்கவில்லை, நகத்தையும் தொடவில்லை. செங்கோடன் பிழைப்பான் என்று கனவிலும் நம்பவில்லை. பால் ஊற்றாவிட்டால் இருட்டும்வரை இழுத்துக்கொண்டு கிடப்பான், திருமேனியின் வாக்கு ஒரே ஒரு தடவையாவது பொய்க்கும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். செங்கோடனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தொண்டையில் கட்டிய சளியைத் துணியால் எடுத்தார். "இப்படியே செஞ்சுக்கிட்டு இரும்மா" என்று பொன்னரியிடம் சொன்னார். 'இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிடா' என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

பொழுது சாய்ந்தது. மூச்சு நிற்கவில்லை. திருமேனியின் முகம் தொங்கிப்போனதை ஆசைதீரப் பார்த்துவிட்டு, மருதப்பர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். செங்கோடனை மறந்தே போனார். "போதும், நிறுத்து" என்று பொன்னரியிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. சில நாள் கழித்துச் செங்கோடன் கண் திறந்தான். வலது கைக்குத்தான் சாந்து பூசும் கரண்டி பிடிக்க வரவில்லை.

அரசர் இரண்டு வைத்தியர்களையும் பொன்னரியையும் சபைக்கு அழைத்தார்.

"நான் பார்த்த குறி பொய்யில்லை, மன்னா. அப்படிக் கண்மணி நின்றவர்கள் பிழைத்து நான் பார்த்ததே இல்லை" என்றார் திருமேனி.

"பிழைப்பான் என்று சொன்னவன் நான். பிழைத்துவிட்டான்" என்று மார்தட்டினார் மருதப்பர்.

பொன்னரி எதுவும் கேட்டு வரவில்லை. "போன வருசம் எங்கண்ணன் விழுந்தப்ப, இவங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கறப்பத்தான் பால் ஊத்தினோம், சாமி. அவரு இருமினாரு. அந்தச் சத்தம் இப்ப என்னைத் தூங்கவிட மாட்டேங்குது" என்றாள்.

கண்டதைச் சொன்ன திருமேனியா, பொறாமையில் பொய் சொல்லிக் காப்பாற்றிய மருதப்பரா, சொன்னதை விடாமல் செய்த பொன்னரியா? இதில் யார் செய்தது சரி? அரண்மனைப் பதவி எந்த வைத்தியருக்கு?

விடை: பொன்னரி செய்ததுதான் சரி, அதில் அரசருக்குச் சந்தேகமே இல்லை. பதவி யாருக்கு என்று முடிவு செய்ய அவர் மருதப்பரை ஒரு கேள்வி கேட்டார்: "பாலைத் தடுத்தால் உயிர் தங்கும் என்பது உமக்கு எப்போதிலிருந்து தெரியும்?" மருதப்பரின் கண் பொன்னரி பக்கம் போய்த் திரும்பியது. தன் வாக்கைப் பால்தான் மூச்சை அடைத்துப் பலிக்கவைத்தது என்று திருமேனிக்குத் தெரியாது. தெரிந்தவர் மருதப்பர், தெரிந்தும் பொன்னரியின் அண்ணன் இருமியபோது சும்மா நின்றவர். பதவி திருமேனிக்கே போனது, மூச்சு உள்ளவரை யார் வாயிலும் பால் ஊற்றக் கூடாது என்ற ஆணையோடு. அதன் பிறகு திருமேனியின் வாக்கு அவ்வப்போது பொய்த்தது. ஒவ்வொரு தடவை பொய்க்கும்போதும் ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதைப் பார்த்தும் மருதப்பருக்கு வயிறு எரிந்தது.