ஒன்றரை அடிப் புத்தகமும் மூன்று நிர்வாகிகளும்

திண்டுக்கல்லில் ஒரு சித்திரக்கதை ரசிகர் மன்றம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை சௌந்தரபாண்டி அதற்குத் தலைவர், தையல்கடை லூர்து செயலாளர், பைக் மெக்கானிக் காதர் மைதீன் பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. சேர வந்தவர்களையெல்லாம் பதவி காலியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தன் புத்தியைப் பற்றிச் சௌந்தரபாண்டிக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இருந்ததில்லை. ஆனால் மூன்று பேர் புத்தியையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும் என்று நம்பினார். அந்தக் கூட்டலில்தான் எங்கேயோ தப்பு.

அந்த வருஷம் அவர் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து பெங்களூர்க்காரர் ஒருவரிடம் ஒரு புத்தகம் வாங்கினார். வெளிநாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த கடற்கொள்ளையர் கதை. அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டடி, எடை ஆறு கிலோ. உலகத்திலேயே இருநூற்றைம்பது பிரதிகள்தான். இந்த மாதிரிப் புத்தகத்தில் ஓவியர் வரைந்த தாள் எந்த அளவோ அதே அளவில், அவர் போட்ட பென்சில் கோடு, தப்பை மறைக்கப் பூசிய வெள்ளை, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு எல்லாம் அப்படியே தெரிய அச்சடிப்பார்கள். அதற்காகத்தான் ஆட்கள் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள். இது சேகரிப்பாளர் எல்லோருக்கும் தெரியும், நம் நிர்வாகிகள் மூவரைத் தவிர. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வாங்கி விற்றால் மூன்று மடங்கு கிடைக்கும் என்பது மட்டும்தான்.

"ஏங்க, இது புஸ்தகமா, கதவா?" என்று கேட்டாள் அவர் மனைவி இந்திராணி.

விற்பது எப்படி என்று கேட்க, இந்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட சென்னை ஜெகதீசனுக்குப் போன் போட்டார்கள். "நிக்க வெக்காதீங்க சார், முதுகு உடைஞ்சிடும். படுத்தாப்புல இருக்கட்டும், காத்தோட்டமா. வெறுங்கை படக் கூடாது. ஒரு பென்சில் கோடு இருந்தாலும் பாதி விலைதான், பாத்துக்கங்க" என்றார் அவர்.

அந்த வீட்டில் புத்தகத்தைப் படுக்கப் போடுகிற அளவுக்கு இருந்த ஒரே இடம் கட்டில். புத்தகம் கட்டிலில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்தது. தம்பதி இருவரும் தரையில் பாய் விரித்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் இந்திராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள இது வித்து வீட்ட விட்டுப் போகணும். இல்லேன்னா திங்கக்கெழம பழைய பேப்பர்காரரு வருவாரு, சொல்லியாச்சு. இது மட்டுமில்ல, உங்க அலமாரியும் சேந்து எடைக்குப் போகும்."

சௌந்தரபாண்டி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அலமாரியில் இருந்தது முப்பத்திரண்டு வருஷத்துச் சித்திரக்கதைகள். ஆறாம் வகுப்பில் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வாங்க ஆரம்பித்தது. அது இல்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தோன்றியது. உடனே அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினார். மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"முதல்ல உள்ள கோடு கீடு இருக்கான்னு பாக்கணும். ஆனா வெறுங்கை படக் கூடாதுன்னாரு" என்றார் தலைவர்.

"அப்ப கால்தான்" என்றார் லூர்து.

"புஸ்தகத்தக் காலால தொடுறதா? பாவம்யா" என்றார் காதர் மைதீன்.

"மொழங்கையால தள்ளிப் பாப்பமா, பாய்?" என்று கேட்டார் லூர்து.

"அதுவும் வெறுங்கைதான? சட்டை எங்க மூடியிருக்கு?"

லூர்து தையல்காரர். பத்து நிமிஷத்தில் மூன்று ஜோடி கையுறை தைத்திருப்பார். அந்த யோசனை மட்டும் யாருக்கும் வரவில்லை. கடைசியில் சௌந்தரபாண்டி அடுப்படிக்குப் போய் இந்திராணியின் தோசைக்கரண்டியை எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் கரண்டியை விட்டு நெம்பி, பக்கத்தை முறுகலாகத் திருப்பிப் போட்டார். காதர் மைதீன் அதைக் கண்கொட்டாமல் பார்த்து, "தலைவருக்குக் கைப்பக்குவம் இருக்கு" என்றார்.

முதல் பக்கத்திலேயே தலையில் இடி விழுந்தது. படம் முழுக்கப் பென்சில் கோடு. அங்கங்கே வெள்ளைத் திட்டு. ஓரத்தில் அம்புக்குறி போட்டு ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே, அதற்கடுத்ததும்.

"பெங்களூர்க்காரன் ஏமாத்திப்புட்டான். வீட்ல சின்னப்புள்ள இருந்திருக்கு, கிறுக்கி வெச்சிருக்கு" என்றார் லூர்து.

"சின்னப்புள்ளைன்னு சொல்ல முடியாது. நல்லாத்தான் கிறுக்கியிருக்கு" என்றார் சௌந்தரபாண்டி.

மூலைக்கடையில் பதினோரு ரப்பர் வாங்கி வந்தார்கள். ஒருவர் கரண்டியால் பக்கத்தை அமுக்கிக்கொள்ள, ஒருவர் தேய்க்க, ஒருவர் ஊத, வெள்ளிக்கிழமை முழுவதும் நூற்று நாற்பது பக்கங்களையும் தேய்த்தார்கள். ரப்பர்தான் கரைந்தது. அச்சடித்த கோடு அச்சடித்தபடியே இருந்தது. "ஃபாரின் பென்சில். அவ்வளவு லேசுல போகாது" என்று காதர் மைதீன் கையை உதறிக்கொண்டார்.

சனிக்கிழமை சேகரிப்பாளர்களின் முகநூல் குழுவில் விளம்பரம் போட வேண்டும். சைஸ் தெரிகிற மாதிரி பக்கத்தில் ஏதாவது வைத்துப் படம் எடுங்கள் என்று ஜெகதீசன் சொல்லியிருந்தார். பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், புத்தகம் சின்னதாகத் தெரிந்தது. தீப்பெட்டி வைத்தார்கள், தீப்பெட்டி தெரியவே இல்லை. கடைசியில் லூர்து கட்டிலில் ஏறிப் புத்தகத்தைக் கட்டிக்கொள்ளாத குறையாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கீழே சௌந்தரபாண்டி எழுதினார்:

"ஆரம்ப விலை பத்தாயிரம். ஏலம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முடியும். நூற்று நாற்பது பக்கங்களிலும் யாரோ பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்கள். பல இடங்களில் வெள்ளை பூசித் தப்பை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். ரப்பர் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டோம், போகவில்லை. நேர்மையாகச் சொல்லிவிட்டோம். படத்தில் இருப்பவர் செயலாளர், அவர் விற்பனைக்கு இல்லை."

அரை மணி நேரத்துக்குள் முப்பது பேர் கண்ணீர் விடுகிற முகத்தைப் போட்டார்கள். ஏலம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"உருக்கமா எழுதிட்டீங்க தலைவரே" என்றார் லூர்து.

ஞாயிறு மதியம் வரைக்கும் அதே நிலைமை. இந்திராணி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சாக்குப்பை எத்தனை வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினாள். சௌந்தரபாண்டி மற்ற இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஜெகதீசனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"போட்டி இருந்தாத்தான் சார் ஏலம் சூடு பிடிக்கும். சில பேர் சொந்த ஆளுங்களையே வேற பேர்ல கேக்க வுடுவாங்க. யாரு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாம..." என்று அவர் சொல்லும்போதே நிர்வாகிகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அது தப்பு, மாட்டினால் அசிங்கம், நீங்கள் செய்யாதீர்கள் என்று அவர் முடித்தபோது போனைக் கேட்க அங்கே ஆளில்லை. மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றால் நமக்குள்ளும் தெரியக்கூடாதுதானே என்றார் செயலாளர். நியாயம் என்றார்கள் மற்ற இருவரும். யார் என்ன பெயரில் கேட்கப்போகிறோம் என்பதைச் சொல்லிக்கொள்ளாமல், கைகுலுக்கிவிட்டு அவரவர் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

நாலு மணிக்கு சௌந்தரபாண்டி 'கப்பல் ராஜா' என்ற பெயரில் பத்தாயிரம் கேட்டார். நாலு ஐந்துக்கு 'துபாய் தம்பி' என்று ஒருவர் பன்னிரண்டு என்றார். சௌந்தரபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. துபாயில் இருந்து ஒரு மனுஷன் கேட்கிறானே! உடனே 'மலேசியா மணி' பதினைந்து என்றார். நாலரை மணிக்கு விலை இருபத்திரண்டாயிரத்தில் நின்றது. அலமாரி தப்பித்தது, அவர் போனைக் கீழே வைத்திருக்கலாம். அங்கேதான் அவர் மனசு கெட்டது. துபாய்க்காரனுக்கு இந்தப் புத்தகத்தை எப்படிப் படுக்க வைப்பது என்று தெரியுமா? அவன் வீட்டில் தோசைக்கரண்டி இருக்குமா? ஒரு வாரமாகத் தரையில் படுத்து, அண்ணாந்து பார்த்து ரசித்த புத்தகத்தை எவனோ வெறுங்கையால் புரட்டுவான் என்று நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் புத்தகத்தின் மேல் அவருக்கு உயிர். இருபத்தைந்து என்று அடித்தார். துபாய் இருபத்தெட்டு என்றது. மலேசியா முப்பது என்றது. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அவர் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு என்று அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தரை மணிக்குப் பொதுக்குழு கூடியது.

"கடைசி நேரத்துல கோட்ட விட்டுட்டேன் தலைவரே. நான்தான் துபாய் தம்பி" என்றார் காதர் மைதீன்.

"நீங்களா பாய்? என்னா கேள்வி கேட்டீங்க! நான் மலேசியா மணி" என்று லூர்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப அந்தக் கப்பல் ராஜா யாருய்யா? மலையாட்டம் நின்னுட்டானே!"

சௌந்தரபாண்டி அடக்கமாகக் கையைத் தூக்கினார். இருவரும் கைதட்டினார்கள்.

முழுப்பணமும் வராமல் புத்தகத்தை அனுப்பாதீர்கள் என்பதும் ஜெகதீசன் சொன்ன விதிதான். சௌந்தரபாண்டி விற்றவர் என்ற முறையில் கவலைப்பட்டார். "ஆளு எப்பிடி?" என்றார் லூர்து.

"நாணயமான ஆளுதான். ஆனா கையில காசு நிக்காது. எனக்கு நல்லாத் தெரியும்."

"வீடு எங்க இருக்கு?" என்றார் காதர் மைதீன்.

"என் வீட்லதான்."

"அப்ப பயமில்ல. எங்கயும் ஓட முடியாது. மூணு தவணையா வாங்கிக்குங்க."

திங்கட்கிழமை காலையில் புத்தகத்துக்கு நாலு சுற்று அட்டையும் சாக்கும் சுற்றி, மூவரும் படுத்த வாக்கிலேயே கூரியர் அலுவலகத்துக்குத் தூக்கிப் போனார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். கூட்ட நேரமாக இருந்ததால் முகவரிகளை யாரும் படித்துப் பார்க்கவில்லை. வீட்டில் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்த இந்திராணி, வாசலில் தராசோடு நின்ற பழைய பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

"முப்பத்தோராயிரமா? நெசமாவா?" என்று கேட்டவள், அன்றைக்குக் கேசரி கிண்டினாள். சௌந்தரபாண்டி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை ஒரு வியாபாரியாக நினைத்துப் பூரித்தார்.

பார்சல் மதுரைக்குப் போய், அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு, வியாழக்கிழமை வீடு வந்து சேர்ந்தது. சௌந்தரபாண்டி பரபரவென்று பிரித்தார். கீழ்முனை ஒன்று நசுங்கியிருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தோராயிரத்து ஐந்நூறு கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மனிதர் அவர். போனை எடுத்துக் கப்பல் ராஜாவாகக் குழுவில் எழுதினார்: "விற்றவர் பொறுப்பில்லாத ஆள். முனை நசுங்கியிருக்கிறது. உள்ளே ரப்பர் தூள் வேறு. இவரிடம் யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்."

எழுதி முடித்ததும் விற்றவருக்கு வந்த புகாரைப் படித்தார். சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த பெயர்! சொந்தப் பெயரில் பதில் போட்டார்: "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது. தவணையில் வாங்குகிறவருக்கு இவ்வளவு வாய் ஆகாது." பிறகு இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. குழு இரண்டாகப் பிரிந்தது. லூர்து விற்றவர் பக்கமும் காதர் மைதீன் வாங்கியவர் பக்கமும் நின்று சமாதானம் பேசி, புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

சாயங்காலம் இந்திராணி கட்டிலைப் பார்த்தாள். மறுபடியும் ஃபேனுக்கு நேர் கீழே அது.

"யாரு வித்தது, யாரு வாங்குனதுன்னு எனக்கு வேணாம். இது இங்க இருந்தா அலமாரி இருக்காது. பேப்பர்காரருக்குப் போன் போடவா?"

"போடாத இந்திராணி! நாளைக்கே திருப்பி அனுப்புறேன். வாங்குனவனுக்கே இது வேணாமாம்" என்றார் சௌந்தரபாண்டி.

மறுநாள் கூரியர் அலுவலகத்தில் கூட்டமில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அனுப்புநர் முகவரியைப் படித்தாள், பெறுநர் முகவரியைப் படித்தாள், பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், ரெண்டும் ஒரே வீடு. முந்நூத்தி நாப்பது ரூவா எதுக்கு சார் வீணா? நீங்களே நேர்ல குடுத்துறலாமே?"

"எப்பிடிம்மா குடுக்குறது?" என்றார் சௌந்தரபாண்டி வருத்தத்தோடு. "ரெண்டு பேருக்கும் நேத்துலருந்து பேச்சுவார்த்தை இல்ல."