கரடி சொல்லாமல் விட்ட செலவு

ஆற்றங்கரைக் காட்டில் பொம்மையன் என்ற கரடி குடியிருந்தது. குட்டிகள் என்றால் அதற்கு உயிர். ஒருநாள் முயல்குட்டி வெள்ளச்சி, ஓர் அணில்குட்டியையும் முள்ளம்பன்றிக்குட்டியையும் கூட்டிக்கொண்டு அதனிடம் வந்தது.

“மாமா, அக்கரைக் காட்டுல ரோபோ போட்டி வைக்கிறாங்க. நாமளும் ஒண்ணு செஞ்சு கொண்டுபோகலாமா?”

“அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு,” என்றது கரடி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். ஒரு காரியத்துக்கு ஒரே ஒருமுறைதான் வசூல். மறுபடி வாசலில் போய் நின்றால் மானம் போய்விடும். கரடி உட்கார்ந்து செலவை யோசித்தது. மோட்டார், பேட்டரி, சக்கரம். அது போக, உடைந்தால் மாற்றுச் சக்கரம், நுழைவுக் கட்டணம், ஆற்றைக் கடக்கப் படகுக்கூலி. கூட்டிப் பார்த்தால் தொகை மலைபோல் நின்றது.

‘இவ்வளவு கேட்டால் பெற்றவர்கள் மிரண்டுவிடுவார்கள். குட்டிகளின் ஆசையில் மண் விழும். மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.’

ஆகவே ரோபோ செய்வதற்கு மட்டும் வீடு வீடாக நெல்லிக்காய் கேட்டது. அங்கே நெல்லிக்காய்தான் பணம். எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

குட்டிகள் ராப்பகலாக உழைத்தன. கீழே கிடக்கும் காயைப் பொறுக்கிக் கூடையில் போடும் ரோபோ தயாரானது. ஒத்திகையில் அது பாறையில் மோதிச் சக்கரம் உடைந்தது. மழைக்காலத்துக்கு வைத்திருந்த தேனில் பாதியைக் கரடி விற்றது. நுழைவுக் கட்டணத்துக்கு மீதியும் போனது. யாரிடமும் அது மூச்சுவிடவில்லை. பாவம், நல்ல மனசு. கேட்கத்தான் வாய் வரவில்லை.

போட்டியன்று காலை நால்வரும் படகுத்துறைக்கு வந்தார்கள். படகோட்டி ஆமை தெரிந்த ஆள்தானே, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் என்று கரடி நினைத்திருந்தது.

கரடி கையில் மிஞ்சியிருந்த நெல்லிக்காயைக் கொடுத்தது; ஆமை எண்ணிப் பார்த்தது. “இது சாமானுக்குத்தான் காணும் அண்ணே. ஆளுக்குக் காணாது. படகு முதலையாரோடது. குறைஞ்சா என்னைத்தான் கேட்பாரு.”

வெள்ளச்சி கரடியை நிமிர்ந்து பார்த்தது.

“மாமா, அப்போ ரோபோ மட்டும்தான் போகுதா? எங்களுக்குன்னு நீங்க கேட்கவே இல்லையா?”

கரடி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டு ஓடியது. முள்ளம்பன்றித் தாய் செவந்தியின் வாசலில் நின்று உள்ளதையெல்லாம் கொட்டியது.

செவந்தி உடனே ஒரு கூடை நெல்லிக்காயைத் தூக்கிக் கொடுத்தது. “கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்போமே அண்ணே. இல்லைன்னு சொல்லிடுவோம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணினீங்க? தேனையும் தொலைச்சுட்டு, மழைக்கு என்ன பண்ணப்போறீங்க?”

கரடி கூடையை வாங்கிக்கொண்டு ஓடியது. மூச்சிரைக்கத் துறைக்குத் திரும்பிக் குட்டிகளைப் படகில் ஏற்றியது.

அக்கரை சேர்ந்தபோது போட்டி தொடங்கிவிட்டது. வாசலை மூடியிருந்தார்கள். மூன்று குட்டிகளும் வேலி இடுக்கு வழியாக மற்றவர்களின் ரோபோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. கரடியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் கரடியால் தாங்க முடியவில்லை.

பிள்ளைகளுக்காக ஒரு காரியத்தில் இறங்குகிறவர் கேட்கக் கூச்சப்பட்டுச் செலவைக் குறைத்துச் சொன்னால், அந்தக் குறை கடைசியில் பிள்ளைகளின் தலையில்தான் விழும்.