ரைட் சொன்ன மைனா

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் பேசிப் புழங்கியபோது, ஒரு மலைப்பாதையின் எட்டாவது வளைவில் மைனா ஒன்று தனியாக இருந்தது. ரோடு போட வந்த வெள்ளைக்காரத் துரை அங்கேதான் கூடாரம் அடித்திருந்தான். அளவு சரியாக வந்தால் "ரைட்" என்பான். வலப்பக்கம் கல்லைப் போடச் சொல்லவும் அதே "ரைட்"தான். கேட்டுக் கேட்டு மைனாவுக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் துரை போனான், ஆட்களும் போனார்கள். மரங்களை வெட்டியதால் மற்ற மைனாக்கள் முன்பே வேறிடம் போயிருந்தன.

பிறகு பஸ் வந்தது, நாளுக்கு ஒன்று. டிரைவர் இசக்கி வளைவுக்கு முன்னால் நிறுத்தி, எதிரே வண்டி வருகிறதா என்று மைனாவைக் கேட்பார். வளைவை ஒட்டிய பாறையின் உச்சியிலிருந்து அதற்குத்தான் கீழ்ப்பாதை தெரியும். பாதை காலியாக இருந்தால் "ரைட்" என்று சொல்லும். பஸ் போய்விடும்.

சில நாளில் மைனா பொய் சொல்லத் தொடங்கியது. லாரி வருகிறது என்று சொன்னால் இசக்கி இறங்கி பீடி பற்றவைத்து, வீட்டுக் கதை பேசுவார். பயணிகள் அது கொத்தித் தின்ன வேர்க்கடலை இறைப்பார்கள். மைனாவுக்குப் பேச்சுத்துணை அந்த அரைமணி நேரம்தான்.

ஒருநாள் பூரணி என்பவள் காய்ச்சல் கண்ட கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றும் மைனா லாரி வருகிறது என்றது. பூரணி இறங்கிப் பாறையடிக்கு வந்தாள். குழந்தை அழுவதைக்கூட நிறுத்தியிருந்தது.

"தாயி, நெசமாவே வண்டி வருதா?"

மைனா கீழே பார்த்தது. பாதையில் வெயில் மட்டும் கிடந்தது.

"வரல. நீங்க போயிட்டா இங்க யாருமில்ல. அதான் பொய் சொன்னேன்."

பூரணி திட்டவில்லை. ஓடிப்போய் ஏறினாள். மைனா "ரைட்" என்றது. பயணிகளின் பேச்சுச் சத்தத்தில் இசக்கிக்குக் கேட்கவில்லை. மறுபடி பலமாகச் சொன்னது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் அதைச் சொல்ல இசக்கி இறங்கப் பார்த்தார். அதற்குள் மைனா "ரைட், ரைட்" என்றுவிட்டது. அவர் சீட்டில் இருந்தபடியே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒருநாளும் அது பஸ்ஸை நிறுத்திவைக்கவில்லை.

ஒரு மழைக்காலம் கழிந்து பாறை வெறுமையாக இருந்தது. இசக்கி வண்டியை நிறுத்தி வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் கண்டக்டரே இறங்கிப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்து, மைனா சொல்வதுபோலவே இரண்டு தடவை சொன்னார்.

அன்று முதல்தான் பஸ்ஸைக் கிளப்ப "ரைட், ரைட்" என்கிறார்கள்.