மன்னரின் விண்மீன் மங்கிய கதை

செங்கழனி நாட்டு மன்னர் உத்தமராயருக்கு வானத்திலும் ஒரு சொத்து இருந்தது. அவர் பிறந்த அன்று தெற்கு வானில் பளிச்சென்று தெரிந்த விண்மீனுக்குப் புலவர்கள் அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். விண்மீனை யாரும் கேட்கவில்லை.

அதைத் தொலைநோக்கியில் கவனித்துவந்தவர் அரண்மனைக் கணியர் ஆதிநாதர். நல்ல மனிதர், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். ஒருநாள் சபையில் சொன்னார்:

"அரசே, தங்கள் விண்மீன் சற்றே மங்குகிறது. பிறகு பழையபடி ஒளிர்கிறது. மறுபடி மங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி."

தலைமை அமைச்சர் பூவராகர் துள்ளி எழுந்தார். ஆள் பருமன், கோபமும் அப்படியே. "மன்னர் புகழ் மங்குகிறது என்கிறான்! ராஜத்துரோகம்! தலையை எடுக்க வேண்டும்!"

மன்னர் முகம் சுண்டிப்போனது. "நாளைக் காலையில் எடுத்துவிடுங்கள்" என்றார். பாவம் ஆதிநாதர், ஒரு பொய் சொல்லத் தெரிந்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

விகடகவி சாத்தப்பன் எழுந்தான். "தலை எங்கே ஓடிவிடப் போகிறது, அரசே? அதற்குமுன் தாங்கள் கொஞ்சம் இறங்கிவந்து, மனு கொடுப்பவர்கள் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும்."

அங்கே எந்த மன்னரும் நின்றதில்லை. உத்தமராயர் போய் நின்றார். சாத்தப்பன் சிம்மாசனத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தான்.

"அமைச்சர் பெருமானே, வழக்கம்போல் ஆரம்பியுங்கள்."

செங்கழனியில் ஒரு வழக்கம். மனு கொடுக்க வந்தவர்களின் கண் மன்னர்மேல் பட்டுவிடக் கூடாதென்று, அமைச்சர் எலுமிச்சம்பழத் தட்டோடு சிம்மாசனத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். பூவராகர் சுற்றினார். முன்னால் வந்ததும் விளக்கொளி மங்கியது. பின்னால் போனதும் பளிச்சென்றது. மறுபடி மங்கியது.

"விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டதா, அரசே?"

"இல்லையே. பூவராகர் குறுக்கே வருகிறார்."

"தங்கள் விண்மீனுக்கும் அதே சங்கடம்தான். பூமி சூரியனைச் சுற்றுவதுபோல் அதையும் ஒரு கோள் சுற்றுகிறது. குறுக்கே வரும்போது கொஞ்சம் ஒளியை மறைக்கிறது. எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்தால் அது எவ்வளவு பெரிது என்றும் தெரிந்துவிடும்."

"தெரிகிறது" என்றார் மன்னர், அமைச்சரைப் பார்த்தபடி.

நம் காலத்து ஆய்வாளர்களும் தொலைதூர விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆயிரக்கணக்கில் இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பூவராகர் தேவைப்படவில்லை.

"அப்படியானால் என் புகழுக்குக் குறைவில்லை. கணியர் தலை அவரிடமே இருக்கட்டும்" என்றார் மன்னர். ஆதிநாதர் அழுதேவிட்டார். மன்னர் யோசித்தார். "ஆனால் சாத்தப்பா, என் ஒளியை ஒருவன் மறைப்பதா? அந்தக் கோளை அப்புறப்படுத்த வழியில்லையா?"

"அங்கே சுற்றுவதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அரசே. இங்கே சுற்றுவது, தாங்கள் சொன்னால் உட்காரும்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். கணியருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. சாத்தப்பனுக்கு முத்துமாலை. பூவராகருக்கு, சுவரோரமாக, ஒரு நல்ல முக்காலி.