பொந்துக்குள் வந்த ஞானி

ஒரு காட்டில், உயரமான மரத்தின் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சி அடைந்து கிடந்தாள். அவளை அடைத்தது வேடன் அல்ல, அவளேதான். முட்டையிடும் காலத்தில் பொந்தின் வாயைப் பூசி மூடி, அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விடுவது அந்தப் பறவைகளின் வழக்கம், குழந்தைகளே. உள்ளே போனதும் அவளுடைய இறகுகள் உதிர்ந்துவிட்டன. ஆண் இருவாச்சி கொண்டுவரும் பழம்தான் உயிர்.

குஞ்சு பொரித்த அன்று அவன் வெறும் அலகோடு வந்தான்.

"பழம் எங்கே?"

"பழம் இருக்கட்டும். நாம் எதற்காக வாழ்கிறோம்? என்றாவது யோசித்தாயா?"

"இந்த இருட்டில் எனக்கு வேறென்ன வேலை? பழம் எங்கே?"

"ஆந்தையாரைக் கேட்டேன். பதிலே சொல்லாமல் கண்களை மூடிக்கொண்டார். என்ன ஆழம்!"

"பகலில் ஆந்தை தூங்கும்!"

"கரடியார், 'தேன்' என்றார்."

"அவருக்குப் பசி! எனக்கும்தான்!"

"உனக்கு இதெல்லாம் புரியாது. மலைக்கு அப்பால் ஓர் ஆமையார் இருக்கிறாராம். போய்வரப் பல நாளாகும்."

அவள் காலடியில் குஞ்சு திறந்த வாயை மூடவே இல்லை. இறகு மட்டும் இருந்தால் வெளியே வந்து அவன் மண்டையிலேயே கொத்தியிருப்பாள். கத்தியும் பார்த்தாயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ்வளவு தூரம் எதற்கு? இங்கேயே ஒரு ஞானி வந்திருக்கிறார்."

"எங்கே?"

"என் பக்கத்தில். எல்லாவற்றையும் துறந்தவர். உடம்பில் ஓர் இறகுகூடக் கிடையாது."

"ஆகா! என்ன சொல்கிறார்?"

"அத்திப்பழம் வைத்துக் கேட்டால்தான் வாய் திறப்பார்."

அவன் பறந்தான். பழத்தோடு திரும்பினான்.

"சொன்னாரா?"

"வாயைத் திறந்தார். இன்னொன்று கொண்டுவாருங்கள்."

"இப்போது?"

"யோசிக்கிறார். இன்னொன்று."

இப்படியே நாட்கள் ஓடின. எந்த மரம் எப்போது பழுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படியாயிற்று. தன் கேள்வியைக் கேட்பதற்குத்தான் நேரமில்லை.

ஒருநாள், புதிய இறகுகளோடு அவள் சுவரை உடைத்து வெளியே வந்தாள். பின்னால் ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது.

"இவனா ஞானி?"

"இவனேதான். நேரிலேயே கேளுங்கள், சுவாமி!"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நாம் எதற்காக..."

"அப்பா, பசிக்குது!"

அவன் ஒரு கணம் அந்தத் திறந்த வாயையே பார்த்தான். "ஓடைக்கரை அத்தி இன்று பழுத்திருக்கும்" என்று கிளம்பிவிட்டான்.

"இதைத்தானே நான் முதல் நாளே கத்தினேன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் பின்னால் பறந்தாள்.

நீதி: வாழ்வின் பொருளைத் தேடிக் கிளம்புமுன், உன்னை நம்பித் திறந்திருக்கும் வாயைப் பார்.